இடது கையால் போட்ட கையெழுத்து

2019 மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, சாட்ஸ்வர்த்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்குள் செல்லும் பேருந்தில் ஏறினேன். சீட்டை வாங்கிக்கொண்டு, இடது கையால் கம்பியைப் பிடித்தபடி பின்வரிசை இருக்கையை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது வண்டி வேகமெடுத்தது. ஹிகின்சன் நெடுஞ்சாலையில் ஒரு மினிபஸ் டாக்சி, ஓரத்தில் நின்ற பயணியை ஏற்றுவதற்காகக் குறுக்கே பாய்ந்தது. எங்கள் ஓட்டுநர் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தார். கம்பி என் கையை விட்டுப் போனது. முன்னால் தூக்கி எறியப்பட்ட நான் வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல் வளைந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் வலி தெரிந்தது. டாக்சி நிற்காமல் போய்விட்டது. பேருந்தும் எதன்மீதும் மோதவில்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "மேடம், சரியாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்பது இன்றுவரை நினைவில் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் என்னை இறக்கிவிட்டு வண்டி புறப்பட்டுவிட்டது.

கணவர் 2014-இல் காலமாகிவிட்டார். மகன் ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிறான். வார நாள்களில் கிரே வீதிப் பகுதியிலுள்ள ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தேன் (அந்த வீதியின் பெயரை மாற்றிப் பல ஆண்டுகள் ஆகியும் எங்களுக்கு அது கிரே வீதிதான்). சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுப்பேன். இரண்டு வேலைக்கும் வலது கைதான் மூலதனம். அதன் பிறகு இழப்பீடு கேட்டு அலைந்த நான்கு ஆண்டுகள் இரண்டு மாதங்களில் நடந்ததை யாராவது முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருந்தால், பணத்தில் ஒரு பங்கும் தூக்கத்தில் பெரும் பங்கும் மிஞ்சியிருக்கும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

அந்த நிறுத்தத்தில் என்னோடு ஒரு ஸூலு மூதாட்டியும் இறங்கினார். காய்கறிச் சந்தைக்குப் போக வேண்டியவர், தம் பயணத்தை விட்டுவிட்டு என்னைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார். சமூசா வாங்கி வைத்திருந்த காகிதப் பையைக் கிழித்து, அதன் உட்புறத்தில் தம் தொலைபேசி எண்ணை எழுதி என் கைப்பையில் திணித்துவிட்டு, "நான் பார்த்தேன், கேட்டால் சொல்வேன்" என்றார். எண்ணெய்க் கறை படிந்த அந்தக் காகிதத்தின் மதிப்பு எனக்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. பேருந்தின் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவே இல்லை. பையில் கிடந்த பயணச் சீட்டில் தேதியும் நேரமும் தடமும் அச்சாகியிருந்ததால் பின்னால் எந்த வண்டி, எந்த ஓட்டுநர் என்று கண்டுபிடிக்க முடிந்தது. ஆகவே இறங்கியதும் சீட்டைக் கசக்கி எறியாதீர்கள். பக்கத்திலிருந்த யாராவது ஒருவரின் எண்ணையாவது, வலியோடு வலியாக, கேட்டு வாங்கிவிடுங்கள்.

அரசு மருத்துவமனையில் தகடும் ஆறு திருகும் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். அறுவைக்கு மறுநாள், மயக்கம் முழுதாகத் தெளியாத நிலையில், நல்ல சட்டை போட்ட ஓர் இளைஞர் என் கட்டிலருகே வந்தார். என் பெயரும் வார்டும் அவருக்கு எப்படித் தெரிந்தன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்திலிருந்து வருவதாகவும், கைக்காசு ஒன்றும் வேண்டாம், வென்றால் மட்டும் கட்டணம் என்றும் சொன்னார். வீட்டுக்குப் போக வண்டிச் செலவுக்கென்று 500 ராண்டைத் தலையணைக்கடியில் வைத்தார். ஐந்தாறு தாள்களில் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டேன். நகல் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆதரவற்ற நேரத்தில் ஒருவர் வந்து எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் மனம் எவ்வளவு விரைவாகச் சாய்ந்துவிடுகிறது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். ஆள்விட்டு இப்படி வழக்குப் பிடிப்பது வழக்கறிஞர் தொழில் ஒழுக்கத்துக்கே புறம்பானது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஏற்பாட்டுக்கு இங்கே 1997-ஆம் ஆண்டின் கன்டிஞ்சென்சி ஃபீஸ் சட்டம் என்றே தனிச் சட்டம் இருக்கிறது. வழக்கறிஞரின் வழக்கமான கட்டணத்தைப் போல் இரு மடங்கு, அல்லது கிடைக்கும் தொகையில் 25 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் அவர் வெற்றிக் கட்டணமாக எடுக்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்தானதும் நகல் தர வேண்டும். 14 நாள்களுக்குள் எழுத்துமூலம் அறிவித்து அதிலிருந்து விலகும் உரிமையும் உங்களுக்கு உண்டு. நான் வீடு திரும்பியபோது அந்த 14 நாள்களில் ஒன்பது மிச்சமிருந்தன. தெரியாதவளுக்கு ஒன்பது நாள் இருந்தால் என்ன, ஒன்பது வருடம் இருந்தால் என்ன?

ஓட்டுநர் விபத்தைக் காவல்துறையிடம் தெரிவிக்கவில்லை என்று தெரிந்ததும் ஆறாம் நாள் நானே காவல் நிலையத்துக்குப் போனேன். மோதல் இல்லையென்றால் அது விபத்தா என்று அங்கே கேட்டார்கள். கடைசியில் எழுதிக்கொண்டு, ஏ.ஆர். எண் என்று சொல்லப்படும் விபத்துப் பதிவு எண்ணைத் தந்தார்கள். அங்கே நான் செய்த தவறு பெரிது. நான் சொன்னதைக் காவலர் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதி, என் பக்கம் தாளைத் திருப்பிவைத்தார். வரிசையில் பின்னால் ஆள்கள் நின்றார்கள், கை விண்விண்ணென்று தெறித்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். "திடீர் பிரேக்கினால் தூக்கி எறியப்பட்டேன்" என்று நான் சொன்னது, அதில் "நிலை தடுமாறி விழுந்தார்" என்று மாறியிருந்தது. பிரேக் என்ற சொல்லே இல்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒற்றை வரியைக் காட்டி, கம்பியைச் சரியாகப் பிடிக்காததற்காக இழப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும் என்று வாதிட்டார். சமூசாக் காகிதத்தில் எண் எழுதிக் கொடுத்த மூதாட்டியின் சத்தியப் பிரமாணம் மட்டும் இல்லாதிருந்தால் கழித்தே இருப்பார்கள். அவர் எண்ணை மாற்றாமல் வைத்திருந்தது என் அதிர்ஷ்டம்.

எங்கள் ஊரில் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். பேருந்து நிறுவனத்தின்மேல் வழக்குப் போடு என்றார்கள் சிலர். பயணிக்கு 25,000 ராண்டுக்கு மேல் கிடைக்காது என்றார்கள் சிலர். இரண்டுமே பழைய கதை. 2008 ஆகஸ்ட் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு, இழப்பீட்டை ஓட்டுநரிடமோ வண்டியின் உரிமையாளரிடமோ கேட்க முடியாது. சாலை விபத்து நிதியத்திடம், அதாவது எல்லோரும் ஆர்.ஏ.எஃப். என்று சொல்வதிடம்தான் கேட்க வேண்டும். நாம் போடும் ஒவ்வொரு லிட்டர் எரிபொருளிலும் அதற்கென ஒரு வரி சேர்ந்திருக்கிறது; 2021 ஏப்ரலில் அது லிட்டருக்கு 2 ராண்ட் 18 சென்ட் ஆயிற்று. பயணிக்கான 25,000 ராண்ட் உச்சவரம்பும் அதே தேதியோடு போய்விட்டது. மோதல் நடந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. வண்டி ஓட்டப்பட்ட விதத்தால் காயம் ஏற்பட்டிருந்தால் போதும். பயணிக்கு இன்னொரு சாதகமும் உண்டு: எந்த ஓட்டுநர்மேலாவது ஒரு சதவீதம் தவறு நிரூபணமானாலும், தன்மேல் தவறில்லாத பயணிக்கு முழு இழப்பீடு உண்டு. வழக்கறிஞரை வைக்காமல் நேரடியாக நிதியத்திடமே மனுக் கொடுக்கவும் வழியுண்டு.

நான் வழக்கறிஞரை நம்பிக் காத்திருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டால், "உங்கள் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது" என்பார்கள். 2020 மார்ச் 27 அன்று ஊரடங்கு வந்தது. அதன் பிறகு எதற்கெடுத்தாலும் ஊரடங்கே காரணமாயிற்று. 2021 ஜனவரியில், கோயில் நிர்வாகத்திலிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். சாட்சிக் கூண்டில் தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டிமார்கள் நின்ற காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்.

"டீச்சர் அம்மா, முத்திரை குத்திய தாளைக் கண்ணால் பார்த்தீர்களா?"

"என்ன முத்திரை ஐயா?"

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு விளக்கினார். இழப்பீட்டு மனுவான ஆர்.ஏ.எஃப். 1 படிவத்தை நிதியத்தின் அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும், அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். பெற்றுக்கொண்ட தேதியை அவர்கள் எழுத்தில் உறுதிசெய்வார்கள். அந்தத் தேதி இல்லாதவரை வழக்கு என்ற ஒன்றே இல்லை. ஓட்டுநர் யாரென்று தெரிந்த விபத்துக்குக் கெடு மூன்று ஆண்டுகள். யாரென்றே தெரியாமல் ஓடிவிட்ட வண்டி என்றால் இரண்டே ஆண்டுகள். என் விஷயத்தில் சிக்கல் அங்கேதான் இருந்தது. பேருந்து ஓட்டுநர்மேல் தவறே இல்லை, முழுத் தவறும் ஓடிப்போன டாக்சிமேல்தான் என்று பின்னால் முடிவானால், எனக்குப் பொருந்துவது இரண்டு ஆண்டுக் கெடு. அன்றைக்கு 22 மாதங்கள் முடிந்திருந்தன.

மறுநாளே என் வழக்கறிஞரின் அலுவலகத்துக்குப் போய் முத்திரையிட்ட தாளைக் கேட்டேன். வரவேற்பு மேசையிலிருந்த பெண் உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு பழுப்பு உறை வெளியே வந்தது. அதற்குள் என் அடையாள அட்டையின் நகலும், இடது கையால் நான் போட்ட கோணல் கையெழுத்துகளும், வெறும் ஆர்.ஏ.எஃப். 1 படிவமும் இருந்தன. படிவத்தில் மருத்துவர் நிரப்ப வேண்டிய பகுதியில் ஒரு புள்ளிகூட இல்லை. இருபத்திரண்டு மாதங்களாக நகர்ந்துகொண்டிருந்த கோப்பு அதுதான். அவமானமும் கோபமும் சேர்ந்து வந்தன. என் கோபம் அவர்கள்மேல் இருந்ததைவிட என்மேல்தான் அதிகம் இருந்தது. பிள்ளைகளுக்கு ஒற்றெழுத்து விடுபட்டால் சிவப்பு மையில் வட்டம் போடுகிறவள், என் பெயரால் எழுதப்பட்ட ஒரு தாளையும் படித்துப் பார்க்கவில்லை.

வழக்கறிஞரை மாற்றும் உரிமை எப்போதும் நமக்கு உண்டு. பழையவர் செய்த வேலைக்குரிய கட்டணத்தைக் கேட்கலாமே தவிர, நம்மைக் கட்டிவைக்க முடியாது. பெரியவர் சொன்ன ஒரு பெண் வழக்கறிஞரிடம் போனேன். தொழில் செய்வதற்கான அந்த ஆண்டின் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் அவரிடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்கச் சொல்லியிருந்தார் பெரியவர். கேட்டேன், சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினார். முன்னவரைப் பற்றி, 2018 முதல் இயங்கும் சட்டத் தொழில் மன்றத்திடம் முறையிடவும் வழி சொன்னார். மருத்துவமனைக் குறிப்புகளைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்டோம். சிகிச்சையளித்த மருத்துவர் வேறு ஊருக்கு மாறிவிட்டிருந்ததால், கோப்பைப் பார்த்து நிரப்ப இன்னொரு மருத்துவரைத் தேடுவதற்கே மூன்று வாரம் போயிற்று. கெடுவுக்குப் பதினொரு நாள்கள் இருக்கும்போது மனு நேரில் கொடுக்கப்பட்டது. ஊதா நிற முத்திரை, நடுவில் தேதி, ஓரத்தில் மை சற்றே வழிந்திருந்தது. அதைக் கைப்பேசியில் படமெடுத்து மகனுக்கு அனுப்பினேன். அவன் என்னவோ பேரக்குழந்தை பிறந்ததுபோல் வாழ்த்து அனுப்பினான்.

அதற்குப் பிறகான நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனு கொடுத்த 60 நாள்களுக்குள் நிதியம் ஆட்சேபிக்காவிட்டால் அது செல்லுபடியாகும் மனுவாகக் கருதப்படும். 120 நாள்கள் கழிந்த பிறகே நீதிமன்றத்துக்குப் போக முடியும். எப்படியும் விபத்து நடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் சம்மன் வழங்கப்பட்டிருக்க வேண்டும். இந்தத் தேதிகளைச் சமையலறை நாள்காட்டியில் நானே எழுதிவைத்தேன்.

வலிக்கும் வேதனைக்கும் தனியாகப் பணம் வரும் என்று நான் நம்பியிருந்தது நடக்கவில்லை. 2008-க்குப் பிறகு காயம் கடுமையானது என்று மருத்துவர் ஆர்.ஏ.எஃப். 4 படிவத்தில் மதிப்பிட்டால்தான் அது உண்டு. முழு உடலின் திறனில் 30 சதவீதம் இழப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் நீண்டகாலக் கடும் பாதிப்பு, நிலையான கடும் உருச்சிதைவு, கடும் மனநலப் பாதிப்பு, கருவிழப்பு ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். என் மணிக்கட்டுக்குக் கிடைத்தது 9 சதவீதம். நிராகரித்தால் 90 நாள்களுக்குள் மேல்முறையீடு உண்டு. என் வழக்கறிஞர் பலன் இராது என்றார், நானும் விட்டுவிட்டேன். ஒன்பது சதவீதம் என்றால் என்னவென்று அந்த அட்டவணைக்குத் தெரியாது. ஆறு கஜப் பட்டுப்புடவையை மேசைமேல் வைத்து, முந்தானையைப் பிடித்து மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால், புடவை காற்றில் விரிந்து வாடிக்கையாளரின் முன்னால் போய் விழ வேண்டும். அந்தச் சுண்டல்தான் என் தொழில். இப்போது இரண்டு கையாலும் மடிப்பு மடிப்பாகப் பிரித்துக் காட்டுகிறேன். கல்யாணக் கூட்டம் வரும் நாளில் அது எடுபடாது. இதைத் தொழில்வழிச் சிகிச்சையாளர் முன் ஒரு பழைய புடவையைக் கொண்டுபோய்ச் செய்தே காட்டினேன். அவர் அதை அறிக்கையில் எழுதியதால்தான் வருங்கால வருமான இழப்பு என்ற தலைப்பில் எனக்கு ஏதாவது கிடைத்தது. நீங்கள் எந்த வேலை செய்தாலும், உங்கள் கை எந்த அசைவைச் செய்ய மறுக்கிறது என்று நிபுணரிடம் செய்து காட்டுங்கள். "வலிக்கிறது" என்பதை மட்டும் வைத்து அவரால் ஒன்றும் எழுத முடியாது.

வருமானத்தை நிரூபிப்பது வலியை நிரூபிப்பதைவிடக் கடினம். மாதம் 6,800 ராண்ட் சம்பளத்தில் பாதி வங்கியிலும் பாதி ரொக்கமாகவும் வந்தது; ரொக்கத்துக்குச் சீட்டு இல்லை. கடை முதலாளி கடிதம் தரத் தயங்கினார், ஏனென்று எல்லோருக்கும் புரியும். வேலையில்லாமல் வீட்டிலிருந்தது ஐந்து மாதம். மூன்று ஆண்டுச் சுழற்சிக்கு ஆறு வார வேலை நாள்கள் என்ற நோய் விடுப்பில் எனக்கு மிஞ்சியிருந்தது ஒரு மாதம்; வேலையின்மைக் காப்பீட்டு நிதியத்தில் நோய்க்கால உதவித்தொகை உண்டு என்பது தெரியாமல் அதைக் கேட்காமலே விட்டேன். போதாததற்கு 2020 ஊரடங்கிலும் 2021 ஜூலைக் கலவரத்திலும் கடை மூடிக் கிடந்தது. அந்த வாரங்களின் வருமானம் போனதற்குக் காரணம் மணிக்கட்டு இல்லையே என்று எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான், கழித்துக்கொண்டார்கள். இயன்முறைச் சிகிச்சைக்கு ஒரு தடவைக்கு 450 ராண்ட் வீதம் பதினெட்டு தடவை போனேன். அட்டை இயந்திரம் தந்த பளபளப்புத் தாள்களில் நான்கு, அலமாரியில் இருந்தபடியே வெள்ளைத் தாளாக வெளுத்துப்போயிருந்தன; 8,100 ராண்டில் 6,300 ராண்டுக்குத்தான் கணக்குக் காட்ட முடிந்தது. மருத்துவமனைக்கு வாடகை வண்டியில் போன 3,600 ராண்டுக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அன்றன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.

2023 மே மாதத்தில் 1,86,000 ராண்டுக்குச் சமரசமானது. அதில் 25 சதவீதமான 46,500 ராண்ட் வழக்கறிஞருக்கு. நிபுணர் அறிக்கைகளின் செலவில் எதிர்த்தரப்பிடமிருந்து வசூலாகாத 8,200 ராண்டும் போக, என் கணக்குக்கு 1,31,300 ராண்ட் அந்த ஆண்டு நவம்பரில் வந்து சேர்ந்தது. கணக்கை வரி வரியாகக் கேட்டேன், அவரும் வரி வரியாகக் காட்டினார். வென்றால் மட்டும் கட்டணம் என்பதில் இந்தச் செலவுப் பகுதி அடங்காது என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைசியில் கேட்டால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

பணத்தோடு ஒரு கடிதமும் வந்தது. இந்தக் காயத்துக்காக இனிமேல் ஆகும் மருத்துவச் செலவை நிதியம் ஏற்கும் என்ற உறுதிமொழி அது. சாலை விபத்து நிதியச் சட்டத்தின் 17(4)(அ) பிரிவு. பலர் இதை வெறும் காகிதம் என்று நினைத்துத் தொலைத்துவிடுகிறார்கள். ஜூலைக் குளிரில் தகடு இருக்கும் இடம் இரும்புக் குழாய்போல் ஜில்லிட்டு வலிக்கிறது. அதை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கடிதத்தின் மூன்று நகல்களில் ஒன்று மகனிடமும் ஒன்று பெரியவர் வீட்டிலும் இருக்கின்றன. மூலத்தை பீரோவில், சமூசாக் காகிதத்தோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.